நீ திரும்பிப் பார்க்காத மரம்

என் ஆசை அண்ணே,

செத்தும் என்னை நிம்மதியாக விடமாட்டேன் என்கிறாய்.

பல்கலைக்கழகத்தில் எனக்குப் பல்லூடகச் செயலி வடிவமைப்பில் கடைசி வருடம். மெய்நிகர்க் கண்ணாடியைக் கண்ணில் மாட்டினால் நம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் நடப்பதுபோலவே இருக்கும் ஒரு செயலி செய்யவேண்டும். அதற்குத்தானே உன்னை நடக்கச் சொன்னேன்? நாலாபக்கமும் பிடிக்கிற கையளவு கேமரா அது; புல்லுக்கு நடுவே ஒரு குச்சியில் நிறுத்தியிருந்தேன். எடுக்கிறவள் ஒளிந்துகொள்ளாவிட்டால் அவளும் படத்தில் விழுவாள். "போய் ஒளிஞ்சிக்க லா குட்டச்சி, ஹீரோ நடக்கப் போறேன்" என்று சிரித்தாய். நான் செம்பனை மரத்துக்குப் பின்னால் போனேன்.

அப்போதுதான் மோட்டார் சைக்கிள்களில் மூன்று பேர் வந்தார்கள். நம் லயத்து வீட்டுப் பையன்களுக்குப் போதை மாத்திரை விற்றதற்காக நீ அறைந்து துரத்தினாயே, அவனும் அவன் கூட்டாளிகளும். முதல் வெட்டு தோளில். தடுக்கக் கையைத் தூக்கினாய், விரல்கள் போயின. விழுந்த பிறகும் வெட்டினார்கள், பாவிகள், பழக்குலை வெட்டுவதுபோல நிதானமாக. நான் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். ஏன் அண்ணே நான் ஓடிவரவில்லை?

"பேட்டரி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தேன், எதுவும் பதிவாகல" என்று போலீசிடம் பொய் சொன்னேன். "நல்ல வேள, நீ அங்க இல்ல" என்று அம்மா கட்டிக்கொண்டு அழுதார். போன வாரம் தஞ்சோங் காராங் டவுன் கடையில் மாத்திரை விற்ற அந்த நாய் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்கிறான்: "அண்ணன் காரியமெல்லாம் முடிஞ்சிச்சா, தங்கச்சி?" அந்தத் தேத்தண்ணியைப் பிடுங்கி அவன் மூஞ்சியிலேயே ஊற்றத் தோன்றியது. வாங்கப் போனதை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீடியோவைக் கொடுத்துவிடலாம், நான் அங்கே நின்றது மட்டும் தெரியக்கூடாது என்று நினைத்தேன். மரத்தோரம் தெரிந்த என் முகத்தை ஃபிரேம் ஃபிரேமாக அழித்தேன். படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது. முடித்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் பார்த்துக் கத்துகிறாய். அந்த மரத்தின் பக்கம் மட்டும் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நான் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியக்கூடாது என்றுதானே? என்னை அழித்தால் நீ செய்ததும் அழிந்துபோகுமே, அண்ணே!

அழித்த பிரதியைத் தூக்கிப் போட்டேன். இன்று காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பாத்துக்கிட்டா நின்ன?" என்று அறைந்தார். மறுபடியும் அறைந்தார். கன்னம் வீங்கிவிட்டது. பிறகு முகம் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு, "எந்திரி. கோல சிலாங்கூருக்குப் போவோம், போலீஸ்ல சொல்லு. நானும் வரேன்" என்றார்.

மூல வீடியோ பையில் இருக்கிறது, என் முகத்தோடு. கோர்ட்டில் அந்த மூன்று பேர் முன்னால் நின்று, எங்கே இருந்தேன், என்ன பார்த்தேன் என்று சொல்வேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இனி ஒளியமாட்டேன், அண்ணே.

மரத்துக்குப் பின்னால் நின்ற உன் தங்கச்சி,
குட்டச்சி