எடுக்கிற ஆளுக்கு

மார்ச் 4, செவ்வாய்

இன்று மட்டும் பதினோராயிரம் அடி நடந்திருக்கிறேன், ஒரே கூரைக்கு அடியில். ஆன்லைனில் மளிகை வாங்குகிறவர்கள் இதை ஏதோ பளபளவென்று பெரிய கடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கார் கழுவும் இடத்துக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத குடோன். பெயர்ப்பலகை கிடையாது. வாடிக்கையாளர் ஒருவர்கூட உள்ளே கால் வைத்ததில்லை. கையில் கட்டிய மெஷின் எந்த அலமாரியைக் காட்டுகிறதோ அதற்குத் தள்ளுவண்டியோடு ஓட வேண்டும். உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் குழந்தை டயப்பர். எது எதோடு சேர்ந்து விற்கிறதோ அதன் பக்கத்தில் அது இருக்குமாம். ஒரு பொருளுக்கு ஒன்பது விநாடி. மேற்பார்வையாளர் வாயைத் திறந்தால் இதைத்தான் சொல்வார், அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘விநாடி’.

என் வேலைக்குப் பெயர் பிக்கர், அதாவது பொருள் எடுக்கிற ஆள். அக்கா மகளிடம் ‘ஒரு கம்பெனியில்’ என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

கால் வீங்கிவிட்டது. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா மகள் போன் செய்தாள். அவள் அம்மா குளிக்கப் போகும்போதுதான் என்னிடம் பேசுவாள்.

“சித்தி, அம்மா இப்ப மார்க்கெட்டுக்கே போறதில்ல. எல்லாம் ஆன்லைன்தான். கேட்டா கால் வலிங்குது. கால் வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்களை எங்கயாவது பாத்துருவோம்னு பயம்.”

மூன்று வருடமாகப் பேச்சு கிடையாது. காரணத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எங்கள் அம்மா இறந்தபின் அவள் வீட்டைக் காலி செய்தோம், ஒரு பழைய ஃப்ரிட்ஜ் மிஞ்சியது. எனக்கு அது வேண்டாம். அக்காவுக்கும் வேண்டாம். ஆனால் மற்றவளுக்குப் போய்விடக் கூடாது. கடைசியில் கீழ்வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு போனார். நான் அன்றைக்கு வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். “இனி உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்” என்றாள் அவள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள்.

மழை, கைக்குழந்தை, நேரமில்லை — ஆன்லைனில் வாங்க விளம்பரத்தில் இப்படியெல்லாம் காரணம் போடுகிறார்கள். ‘தங்கை கண்ணில் படாமல் இருக்க’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 13, வியாழன்

வந்தது ஓர் ஆர்டர். பையில் ஒட்டும் சீட்டைப் பார்த்தேன். மூன்றாம் மாடி, கதவு எண் 14, லிஃப்ட் ஓடாது. அக்கா வீடு.

கீழே குறிப்பு வேறு: “போன முறை வாழைப்பழம் பச்சையாக இருந்தது. எடுக்கிற ஆளுக்குக் கண் இல்லையா? ஒரு பொருள் இல்லையென்றால் அதற்குப் பதிலாக வேறு எதையும் வைக்க வேண்டாம்.” அப்படியே அவள் குரல். என்னைப் பார்க்கக் கூடாதென்று கடைத்தெருவையே விட்டு ஓடியவள், நேராக என் தள்ளுவண்டியில் வந்து விழுந்திருக்கிறாள். சிரிப்புதான் வந்தது. பிறகு குளிர் அறைக்குள் போய் அழுதேன். அங்கே வேலை பார்ப்பவளை ‘ஐஸ்’ என்போம். “சீக்கிரம் அழுதுட்டு வாங்க, கதவு ரொம்ப நேரம் திறந்திருந்தா அலாரம் அடிக்கும்” என்றாள்.

கரும்புள்ளி விழாத வாழைப்பழத்தை அக்கா பழம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டாள், சின்ன வயதிலிருந்தே. இங்கே சட்டம் நேர்மாறு. புள்ளி விழுந்தால் கழிவுப் பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்து ஆறு பழம் எடுத்து அவள் பையில் வைத்துவிட்டேன். கை வைத்த பிறகுதான் பயம் வந்தது.

மார்ச் 14, வெள்ளி

கேமராவில் பார்த்துவிட்டு விநாடி கூப்பிட்டார். “கழிச்சதை ஏம்மா எடுத்தீங்க? வாங்கினவங்க ஒரு புகார் போட்டா உங்க வேலை போயிரும், தெரியும்ல?”

தெரியும் சார். புகார் போடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதுவும் தெரியும்.

மார்ச் 15, சனி

புகார் இல்லை. ஐந்து நட்சத்திரம். கூடவே இரண்டே வார்த்தை: “பழம் சரி.”

மூன்று வருடத்தில் அக்கா என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை, யாரோ ஒருத்திக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த யாரோ ஒருத்தி மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

மார்ச் 22, சனி

இப்போது குறிப்பில் “போன முறை எடுத்தவரே எடுக்கட்டும்” என்று வருகிறது. மெஷினுக்கு அதெல்லாம் புரியாது, யார் கை காலியாக இருக்கிறதோ அவருக்கு ஆர்டரைத் தள்ளும். நான்தான் ஒவ்வொருவரிடமும் கெஞ்சி மாற்றிக்கொள்கிறேன். அக்காவின் ஓர் ஆர்டருக்கு இரண்டு தண்ணீர் கேன் ஆர்டர் என்பது இப்போதைய நிலவரம். இடுப்பு ஒடிகிறது. விடவும் மனசில்லை.

அவளோடு பேச வேண்டும். இவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் சாக்கு.

மார்ச் 26, புதன்

காய்ச்சல். இரண்டாவது நாள்.

மார்ச் 28, வெள்ளி

இன்று வேலைக்குப் போனேன். விநாடி ஒரு புகாரை நீட்டினார். நேற்று வந்ததாம். கதவு எண் 14.

“பழம் பச்சை. வழக்கமாக எடுக்கிற ஆளுக்கு என்ன ஆச்சு? உடம்பு ஏதும் சரியில்லையா?”

இதை அவர் ‘பொருளின் தரம்’ என்ற தலைப்பில் பதிந்திருந்தார். நான் தலையை ஆட்டினேன். தெரிந்துவிட்டதா அவளுக்கு? புள்ளி விழுந்த பழமாகத் தேடி அனுப்பும் பைத்தியம் உலகத்தில் வேறு யார் இருக்க முடியும்?

சாயங்காலம் அக்கா மகள் போன். “சித்தி, உடம்பு எப்படி இருக்கு? அம்மா ஒண்ணும் கேக்கச் சொல்லல. நானாத்தான் கேக்கறேன்.” பின்னால் குழாய்ச் சத்தம் இல்லை. அக்கா குளிக்கப் போகவில்லை, பக்கத்திலேயே நிற்கிறாள். காய்ச்சல் என்றேன், விட்டுவிட்டது என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

ஏப்ரல் 1, செவ்வாய்

அக்காவின் ஆர்டர். ரொட்டி, தேன், எலுமிச்சை ஆறு, ஆப்பிள் நாலு. சீட்டு ஒட்டப் போனால் கதவு எண் 14 இல்லை. என் தெரு, என் வீடு, என் கதவு எண்.

குறிப்பு: “எடுக்கிற ஆளுக்கு. இது உனக்குத்தான். நல்லதாப் பாத்து எடு. உனக்குன்னா எப்பவும் அடிபட்டதைத்தான் எடுப்ப.”

ஆப்பிள் கூடை முன்னால் நின்றுவிட்டேன். கை பழக்கத்தில் ஓரம் நசுங்கிய ஒன்றைத்தான் முதலில் எடுத்திருந்தது. திரும்ப வைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். மெஷின் சிவப்பாக மின்னியது. “என்னம்மா, ஒரேடியா நின்னுட்டீங்க?” என்றார் விநாடி. நாலு ஆப்பிளுக்கு இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என் மிக மோசமான கணக்கு.

ஏழு மணிக்குப் பை வீட்டுக்கு வந்தது. நான் கட்டிய முடிச்சை நானே அவிழ்த்தேன். போனை நாலு தடவை எடுத்தேன், நாலு தடவையும் வைத்துவிட்டேன். என்ன சொல்வது? பொருள் கிடைத்தது, நன்றி என்றா?

ஏப்ரல் 2, புதன்

காலையில் விநாடி என் வண்டியை மறித்தார். முகமே சரியில்லை.

“இது என்ன புகார்னே எனக்குப் புரியல. நீங்க எடுத்த ஆர்டர்தான். படிக்கறேன், கேளுங்க. ‘ஒரு நட்சத்திரம். பொருள் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டவள் ஒரு போன்கூடப் பண்ணவில்லை.’ இதை எந்தத் தலைப்புல பதியறது?”

“நான் முடிச்சு வைக்கறேன் சார்.”

“எப்படி?”

“போன் பண்ணித்தான்.”

இருபத்து நாலு மணி நேரத்துக்குள் புகாரை முடிக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. விதி என்றதும் அவர் வழிவிட்டார். டயப்பருக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவில் நின்று எண்ணை அழுத்தினேன். அழித்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். விரலுக்கு மனப்பாடமாக இருந்தது.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

“இவ்ளோ நேரமாடி?” என்றாள்.