பதினேழாம் எண் அட்டை

மார்ச் 4

தங்கை வந்து அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தாள். மூடினாள். "வீம்பைப் பொங்கித் தின்ன முடியாதுக்கா. சனிக்கிழமை இலவசமா மளிகை கொடுக்குற உதவி மையத்துக்குப் போ."

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடம் வேலை. போன வருடம் இடது காது போயிற்று. இயந்திர இரைச்சலில் கூப்பிட்டால் கேட்கவில்லை, அவசரமென்றால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றேன். "உங்க ஒருத்தருக்காக எல்லாரும் எழுதிக்கிட்டு இருக்க முடியுமா மேடம்?" என்றார் மேலாளர். அடுத்த மாதம் வேலையும் போயிற்று. காரணம், நான் 'குழுவோடு ஒத்துழைப்பதில்லை'யாம். தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். விசாரணை ஜூனில். அதுவரை?

மார்ச் 8

போனேன். புகைப்படம் எடுப்பார்கள், அறிவுரை சொல்வார்கள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. டோக்கன் பதினேழு. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் எண்களைக் கூப்பிட்டார். என் இடது பக்கம் அவர், வலது பக்கம் ஓடும் மின்விசிறி. கூட்டம் கலைந்த பிறகுதான் என் எண் போய்விட்டது தெரிந்தது. வெறும் பையோடு வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலேயே ஓடி வந்தார்.

"யம்மா! முப்பது வருசம் பஸ்ல கத்துன தொண்டை இது. தூங்குறவன்கூட எழுந்து இறங்கிடுவான். நீங்க அசையவே இல்லையே!"

"இடது காது கேட்காதுங்க."

"அட, முதல்லயே சொல்லக் கூடாதா?" பையை நிரப்பினார். அவ்வளவுதான்.

மார்ச் 15

கண்டக்டர் எண்ணெய் அட்டைப்பெட்டிகளை வெட்டி, ஒன்றிலிருந்து நாற்பது வரை தடித்த பேனாவால் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். "என் தொண்டைக்கும் லாபம்தாம்மா."

வீட்டுக்கு வந்து அழுதேன். எதுக்குன்னு எனக்கே தெரியல. இவ்வளவுதானே கேட்டேன் அங்க? இவ்வளவுதானே?

ஏப்ரல் 19

பையில் சோப்பு இருந்தது. கேட்கக் கூச்சப்பட்டிருந்தேன்.

மே 12

நிறுவனத்திலிருந்து கடிதம். புகாரைத் திரும்பப் பெற்று, நானாகவே விலகியதாகக் கையெழுத்திட்டால் மூன்று மாதச் சம்பளம். பேனாவை எடுத்துவிட்டேன். பிறகு ஏனோ எழுந்து போய் டப்பாவைத் திறந்தேன். பத்து நாளைக்கு அரிசி இருந்தது. கடிதத்தைக் கையெழுத்துப் போடாமலே திருப்பி அனுப்பிவிட்டேன்.

துணிச்சல் என்று பின்னால் யாரிடமும் பீற்றிக்கொள்ளக் கூடாது. அரிசி இருந்தது.

ஜூன் 19

விசாரணை. எழுதிக் கொடுப்பது நடைமுறையில் சாத்தியமில்லை என்றார் மேலாளர். கண்டக்டரிடம் இரவல் வாங்கிப் போன பதினேழாம் எண் அட்டையை மேசைமேல் வைத்து, மையத்தில் கூப்பிடுவதோடு இப்படித் தூக்கியும் காட்டுகிறார்கள் என்றேன்.

"எத்தனை பேருக்கு இப்படிச் செய்யறாங்க?" என்றார் விசாரணை அதிகாரி.

"வாரம் நாற்பது பேருக்கு. ஒரே ஒரு பேனா."

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் எண்ணெய்ப் பெட்டியில் அச்சடித்த பாதி சூரியகாந்திப் படம். கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 2

வேலைக்குத் திரும்பி மூன்று வாரம். என் மேசையில் சீட்டுக் கட்டு ஒன்று இருக்கிறது. மேலாளரின் கையெழுத்து மோசம், ஆனால் எழுதுகிறார்.

அட்டை நேற்றுத்தான் கைக்கு வந்தது. காலையில் மையத்துக்குக் கொண்டுபோனேன். "கோர்ட்டு கச்சேரியெல்லாம் பாத்துட்டு வந்துட்டானா நம்மாளு!" என்று வாங்கி அடுக்கில் செருகினார் கண்டக்டர். உப்புப் பாக்கெட் போடும் இடத்தில் என்னை நிற்கச் சொன்னார்.

பதினேழைத் தூக்கியபோது, அலுவலக உடையில் ஒரு பெண் சுவரோரத்திலிருந்து தயங்கித் தயங்கி வந்தாள். பையில் உப்பைப் போட்டேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.