அத்தைக்கு: வேலை போனதும் கிடைத்ததும்

என்னைப் பெறாமலே எனக்காகப் பயந்த அத்தைக்கு,

நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் எவ்வளவோ நடந்துவிட்டது. மற்றதையெல்லாம் உங்கள் சின்ன மகன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருப்பார். என் வேலை விஷயத்தை மட்டும் நான்தானே சொல்ல வேண்டும்? அதில் அவரைவிட உங்களுக்குத்தான் அக்கறை அதிகம்.

மைசூரிலிருந்து ஹனூருக்கு என்னைப் பெண் பார்க்க வந்தீர்களே, அன்றைக்கு நீங்கள் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "கெமிக்கல் இன்ஜினியர்னா என்ன கண்ணு, ஆசிட்டுலயா வேலை?"

"ஆசிட்டும் இருக்குமுங்க. ஆனா கையில தொடறதில்லீங்க. லேப்புல ஒரு குடுவையில செய்யற மருந்தைப் பெரிய தொட்டியில செய்யணும். சூடு, அழுத்தம் எல்லாம் மீறாமப் பாத்துக்கறது என் வேலை."

"கல்யாணத்துக்கு அப்புறமும் போவியா?"

அம்மா என்னை முறைத்தாள். "போவேனுங்க" என்றேன். நீங்கள் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டீர்கள். முடிந்தது கதை என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்தார்கள். மறுநாள் போன் வந்தது: "பொண்ணு ஒளிச்சுப் பேசல. எங்களுக்குச் சம்மதம்."

அப்புறம் நஞ்சன்கூட்டில் நான் வேலை பார்த்த மருந்து ஆலை வாசலில் நீங்கள் வந்து நின்ற நாள். எங்கேயோ ஒரு ரசாயன ஆலையில் தீ என்று டிவியில் காட்டியிருக்கிறார்கள். ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. நீங்கள் கூப்பிட்டால் நான் எப்படி எடுப்பேன்? பக்கத்து வீட்டில் என் குழந்தையை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, எங்கள் ஆலை வாசலுக்கே வந்துவிட்டீர்கள். செக்யூரிட்டி ஆள் அனுப்பிச் சொன்னதும் நான் ஓடி வந்தேன். உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே வானத்துக்கு வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்ததைக் கை காட்டினீர்கள்.

"அது புகையில்லீங்க அத்தை, வெறும் நீராவி. சூடான தண்ணியை அங்க ஆற வைக்கறோம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"செரி, நான் இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். மறுவாரம் தெருவில் யாரோ "உங்க மருமக புகைக்குள்ள வேலை பாக்கறாளாமே" என்று கேட்டதற்கு, "ஆருங்க சொன்னது? அது ஆவி!" என்று நீங்கள் சண்டைக்கே போனதாகக் கேள்விப்பட்டேன். நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இப்போது இதைச் சொல்கிறேன், பதறாதீர்கள். உங்கள் வருஷத் திதி வருவதற்குள் அந்த ஆலையில் என் பிரிவை மூடிவிட்டார்கள். நாங்கள் செய்துகொண்டிருந்த மருந்துச் சரக்கு வெளியிலிருந்து மலிவாக வரத் தொடங்கியது. யார் மேலும் தப்பில்லை. பத்து வருஷம் போட்ட ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

உங்கள் மூத்த மகன் அன்றைக்கே பெங்களூரிலிருந்து பேசினார். "இந்த லைன்ல இனி ஒண்ணும் இல்லம்மா. ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் படி. வேலைக்கு நான் ஆச்சு." நல்ல மனசோடுதான் சொன்னார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். நானும் கோர்ஸில் சேரப் பணம் கட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது அத்தை. நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? சேரச் சொல்லியிருப்பீர்களா?

இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உனக்கு அந்த வேலை அலுத்துப்போச்சா?" என்றார்.

"இல்லை."

"அப்ப எதுக்கு இதைத் திறந்து வெச்சிருக்கே?"

மூடிவிட்டேன்.

மைசூருக்கு வெளியே, பழைய பேட்டரிகளை வாங்கி, உடைத்து, உள்ளே இருக்கும் உலோகங்களைப் பிரித்தெடுக்கும் புது ஆலை ஒன்று ஆள் கேட்டிருந்தது. சின்ன ஆலைதான். முதலாளி ஸ்வாதி மேடம் கன்னடக்காரர், என் வயசுதான் இருக்கும். "நீங்க மருந்து லைன். பேட்டரி உங்களுக்குப் புதுசாச்சே?" என்று கன்னடத்தில் கேட்டார்.

எனக்குள் எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை. "பொருள்தான் மேடம் புதுசு. கரைக்கறது, பிரிக்கறது, வடிகட்டறது, உலர்த்தறது எல்லாம் நான் பத்து வருஷமா செஞ்ச வேலை" என்றேன்.

"நோடோணா, பார்க்கலாம்" என்று சிரித்தார். இரண்டாம் வாரம் சேர்ந்துவிட்டேன்.

பார்க்கத்தான் செய்தார். லேபில் அழகாக வந்த சரக்கு, முதல் முறை பெரிய தொட்டியில் சேறு மாதிரி வந்து வடிதுணியை அடைத்துக்கொண்டது. அடுத்த வாரம் வாங்குகிறவர்கள் வருகிறார்கள். துணியை மாற்று, பம்பின் அழுத்தத்தைக் கூட்டு என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். உலோகத்தைக் கரைத்த அமிலத்தில் காரத்தை மளமளவென்று விட்டுவிட்டோம். அதனால்தான் சரக்கு இவ்வளவு நைசாக விழுகிறது என்று தோன்றியது. மெதுவாக விட்டால் மணி மணியாக வளரும், தண்ணீர் தானே இறங்கும்.

"காலையில முடியற வேலை சாயங்காலம் வரைக்கும் இழுக்கும் மேடம்" என்றேன்.

"இதுவும் சரியா வரலைன்னா?"

"வரும். வரலைன்னா, வாங்கறவங்ககிட்ட நானே நின்னு பதில் சொல்றேன்."

அன்று முழுக்கத் தொட்டிப் பக்கத்தை விட்டு நகரவில்லை. சாயங்காலம் வடிகட்டியைத் திறந்தபோது சரக்கு உதிரி உதிரியாகக் கையோடு வந்தது. ஸ்வாதி மேடம் கையுறையோடு ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். வாங்க வந்தவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. பக்கத்து இடத்தில் இரண்டாவது யூனிட் எழும்புகிறது. அதை நடத்தப்போவது உங்கள் மருமகள்.

போன வாரம் பெங்களூரிலிருந்து மறுபடி போன். இந்த முறை உங்கள் மூத்த பேத்தி ரம்யா. "சித்தி, காலேஜ்ல கெமிக்கல் எடுக்கட்டுமா? அப்பாவே உங்ககிட்ட கேக்கச் சொன்னார்." அப்பாவே சொன்னாராம், கேட்டுக்கொள்ளுங்கள்!

நான் பூசி மெழுகவில்லை. ஆரம்பத்தில் சம்பளம் கம்ப்யூட்டர் படித்தவர்களைவிடக் குறைச்சலாக இருக்கலாம் என்றேன். ஆலை ஊருக்கு வெளியேதான் இருக்கும், ஷிப்ட் இருக்கும், கவனம் சிதறினால் ஆபத்தும் இருக்கும் என்றேன். "ஆனா மருந்து, பெயின்ட், உரம், சோப்பு, பேட்டரி, குடிக்கிற தண்ணி, எதை எடுத்தாலும் அதைச் செய்ய எங்களை மாதிரி ஒருத்தர் வேணும் கண்ணு. ஒரு சரக்கு போனா இன்னொண்ணு வரும். கத்துக்கிட்ட வேலை வீணாகாது" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்கட்டும். அவள் எதை எடுத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

அத்தை, இந்த ஆலையும் நிரந்தரம் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒருநாள் இதுவும் மூடலாம். மூடினால் இரண்டு நாள் அழுவேன். மூன்றாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு அடுத்த ஆலையைத் தேடிப் போவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் வீட்டுக்கு வாழ வந்து, உங்களால் வேலையிலும் நிலைத்த
சின்ன மருமகள்,
பூங்கொடி