ஒன்றரை அடிக்கு ஒரு முடிச்சு

2023 மே 14, ஞாயிறு

விடிந்ததிலிருந்து இவர் நைலோன் கயிற்றோடு மல்லுக்கட்டுகிறார். ஒன்றரை அடிக்கு ஒரு முடிச்சு. நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருசம் இருந்த மனிசனைக் கட்டினவளுக்கு இதுவும் வேணும். கொழும்பு வெள்ளவத்தையில் இந்த நாலாம் மாடி வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று, திவுலப்பிட்டியில் தென்னைக்குக் கீழே துண்டுக் காணி எடுத்து அன்னாசி நடப்போகிறார்.

"ஏனப்பா இவ்வளவு தூரம் தூரமா? இடம் சும்மா கிடக்குமே" என்றேன்.

"நெருக்கினா எண்ணிக்கை கூடும் ஈஸ்வரி. ஆனா பழம் சிறுத்துப்போம், புளிக்கும். எனக்கு ஒரு பழமெண்டாலும் ரெண்டு கிலோவில வேணும். வெட்டினா வீடெல்லாம் மணக்கோணும்."

சரியான பிடிவாதம்.

மே 30

இவர் போன கிழமைதான் நட்டு முடித்தார். இருதயக் கிளினிக்கில் டொக்டர் இரண்டு மாதத்துக்குப் பயணமே கூடாது என்றுவிட்டார். இன்று நான் தனியே பஸ் ஏறிப் போனேன். காணியைப் பார்க்கிற விமலசிறியைப் பிடித்து, ஒவ்வொரு இரண்டு கன்றுக்கும் நடுவில் இன்னொன்று வைப்பித்தேன். நானூறு எண்ணூறாகிவிட்டது! "மாத்தயா ஏசுவார் நோனா" என்று சிங்களத்தில் இழுத்தான், ஐயா ஏசுவாராம் அம்மா. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இந்த வீட்டில் எதைத்தான் நான் பார்க்கவில்லை?

இவரிடம் சொல்லவில்லை. காய்க்கிற நேரம் காட்டுவோம்.

ஓகஸ்ட் 12

டொக்டர் சொன்ன இரண்டு மாதம் முடிந்ததென்று, நான் சொன்னாலும் கேளாமல் இன்று காணிக்குப் போய்விட்டார். பின்னேரம்வரை நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாய் நடந்தேன். வந்தார், கால் கழுவினார், தேத்தண்ணி குடித்தார்.

"கண்டெல்லாம் நல்லாப் பிடிச்சிட்டுது" என்றார். அவ்வளவுதான். மனிசனுக்குக் கண் தெரியவில்லையா?

ஒக்ரோபர் 29

ஆஸ்பத்திரி. நெஞ்செல்லாம் வயர்.

"பழம் வந்தா நீர்தான் முதல்ல வெட்டிப் பார்க்கோணும்" என்றார். இப்போதாவது சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தேன், நேர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னா. நாளைக்குக் கட்டாயம் சொல்வேன்.

ஒக்ரோபர் 30

போயிட்டார். நான் சொல்லேல்லையே.

2024 பெப்ரவரி 3

நுகேகொடையிலிருந்து மகள் தாரிகா வந்து, அப்பாவின் மருந்துகளை எடுத்தெறி என்கிறாள். எறியவில்லை. இந்தக் கட்டில் இவ்வளவு அகலமா? நான்தான் எப்போதும் இடம் காணாது என்று அவரைத் தள்ளிப் படுக்கச் சொல்லுவேன்.

ஒக்ரோபர் 16

அவர் போய் வருசமாகிறது. ஆட்டைத் திவசத்துக்கு அவருடைய பழம் வேண்டுமென்று காணிக்குப் போனேன். எண்ணூறு கன்றும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. காய்த்தவை முக்கால் கிலோவும் வராது. விமலசிறி ஒன்றை வெட்டித் தந்தான். பல் கூசியது.

கடைசி வரிசையில் மட்டும் ஒரு கன்று கையை விரித்தபடி நின்றது. அதில் பெரிய பழம், அடியிலிருந்து மஞ்சள் ஏறியிருந்தது. இரண்டு பக்கமும் வெறும் நிலம்.

"பக்கத்துக் கண்டு செத்திட்டுதா?" என்று கேட்டேன்.

"இல்லை நோனா. மாத்தயாதான் ரெண்டையும் பிடுங்கினவர். அண்டைக்கு வந்து கனநேரம் பார்த்துக்கொண்டு நிண்டிட்டுச் சிரிச்சார். எல்லாத்தையும் பிடுங்கட்டுமா எண்டு கேட்டன். வேண்டாம், நோனா ஆசையா வச்சது, எனக்கு ஒண்டு போதும் எண்டார்."

எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுகொண்டுதான் அண்டைக்கு வந்து தேத்தண்ணி குடிச்சிருக்கிறார். ஒரு சொல்லு ஏசியிருக்கலாமே! ஏசியிருந்தா நானும் மன்னிப்புக் கேட்டிருப்பனே. வரம்பில் குந்தியிருந்து அழுதேன். விமலசிறி பாவம், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றான்.

ஒக்ரோபர் 19, சனி

திதிப்படி இன்று திவசம். பழம் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. படையலில் நடுவே வைத்தேன்.

"ஏனம்மா, சுத்திவர இடம் சும்மா கிடக்கே. மாம்பழத்தையும் கிட்ட வைக்கட்டே?" என்றாள் தாரிகா.

"வேண்டாம். தள்ளி வை."

படைத்து முடிய நான்தான் வெட்டினேன். வீடெல்லாம் மணக்கிறது.