விசிறி இல்லாத கணினியே எனக்குப் போதும்

அன்புள்ள பெரியவளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், மனத்துக்கும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் நலம். அந்த நலத்தில் என் வலது கண்ணின் நடுப்பகுதி அடங்காது என்பதை நீ கேட்பதற்கு முன் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ அனுப்பிய சிறிய கணினி கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. அன்போடுதான் பெற்றுக்கொண்டேன், அதே அன்போடு திருப்பி அனுப்புகிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கு முன் காரணங்களை முழுதும் படித்துவிடு. ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நம் வீட்டில் யாருக்கும் இருக்கக் கூடாது.

கணினியில் குறை எதுவும் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிறது, நினைப்பதற்குள் திறக்கிறது, விலை உயர்ந்தது என்று பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அந்த வேகம் சூட்டைக் கொண்டுவருகிறது, சூடு விசிறியைக் கேட்கிறது. அவ்வளவு சிறிய கூட்டுக்குள் வைத்த விசிறி பெரிய கணினியில் இருப்பதைப் போல மெல்லச் சுற்றித் தப்பிக்க முடியாது, தலைதெறிக்கச் சுற்றித்தான் ஆக வேண்டும். உன் காதுக்கு அது ஒரு பொருட்டாக இருக்காது. என் காதுக்கருவிக்கோ அந்தக் கீச்சொலிதான் அறையிலேயே முதன்மையான பேச்சு. நான் வேலை செய்யும் முறை உனக்குத் தெரியும். எந்த ஆவணமானாலும் உன் அம்மா தாளைப் பார்த்து உரக்கப் படிப்பாள், நான் நகலைத் தொடர்ந்து வருவேன், புள்ளி பிசகினாலும் நிறுத்துவேன். நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதுதான் நடக்கிறது. இப்போது நகலை ஒரு திரையில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டு, சாட்சியங்களை இன்னொரு திரையில் வைத்துக்கொண்டு, கண் விடுகிற இடத்தைக் காதால் பிடிக்கிறேன். உன் கணினி ஓடும்போது அம்மா படிக்கிற சொற்களின் கடைசிப் பாதியை அந்த விசிறி விழுங்கிவிடுகிறது. அவளும் குரலை உயர்த்தி உயர்த்திப் பார்த்துவிட்டு, "நான் படிக்கிறேனா, உங்களோட சண்டை போடறேனான்னு எதிர்வீட்டுக்காரங்க எட்டிப் பாக்கறாங்க, இது ஆகாது" என்று தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

இனி, கணினியோடு நீ எழுதி அனுப்பிய யோசனைக்கு வருகிறேன். வழக்குக் கட்டுகளையெல்லாம் ஸ்கேன் செய்து ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டு உங்களோடு வந்து இருக்க வேண்டும் என்றாய். யோசனை என்ற அளவில் அதை மதித்தேன், பதில் எழுதவும் இருந்தேன். அதற்குள் நீ பதிலுக்குக் காத்திருக்கவில்லை என்பது நீதிமன்றத்தில் தெரியவந்தது. தையற்காரம்மாவின் வழக்கை எடுத்திருந்தார்கள், கட்டட உரிமையாளர் அவரைக் கடையிலிருந்து வெளியேற்றக் கேட்கிறாரே, அந்த வழக்கு. நான் கட்டைப் பிரிப்பதற்குள் நம் ஜூனியர் எழுந்து, மூத்தவருக்குக் கண் பார்வை சரியில்லை, அவர் விலகிக்கொள்கிறார், மாற்று ஏற்பாட்டுக்கு அவகாசம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளைக்கு நீதிமன்ற வளாகத்தில் 'வாய்தா' என்றே பெயர், ஆனால் இதுவரை என்னை வைத்து வாய்தா கேட்டதில்லை. நான் எழுந்து, அந்தக் கோரிக்கைக்கு என் ஒப்புதல் இல்லை, இவ்வழக்கில் நானே வாதிடுகிறேன் என்றேன். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் ஒரே தரப்புதானே?" என்று கேட்க, அவை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இறுதி வாதத்தை வருகிற வாரத்துக்குக் குறித்துக்கொடுத்தார். வெளியே வந்து ஜூனியரைக் கேட்டேன். "அக்காதான் சார் போன் பண்ணாங்க, அப்பாட்ட சொல்ல வேணாம், நீங்களே எடுத்துப் பண்ணிடுங்கன்னு. நான் என்ன சார் பண்ண, உங்க வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்" என்று கையைப் பிசைந்தார். தையற்காரம்மா பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்குத் தோற்றால் தையல் இயந்திரத்தோடு தெருவில் நிற்க வேண்டியவர் அவர், எனவே வேறு வழக்கறிஞர் வேண்டுமானால் சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டேன் என்று முறைப்படி அவரையே கேட்டேன். "ஊசி கோக்க எனக்குத்தான் சார் கண்ணு வேணும், உங்களுக்கு வாய் இருந்தா போதும், பேசுங்க" என்றார். அவர் சொன்ன பிறகு உன் கருத்துக்கும் ஜூனியர் கருத்துக்கும் அங்கே இடமில்லை.

அன்று பிற்பகலே அம்மாவை அழைத்துக்கொண்டு கணினிக் கடைக்குப் போனேன். கேட்க வேண்டியவற்றை வரிசையாக மனத்தில் வைத்துக்கொண்டு போயிருந்தேன், அம்மா வாசலிலேயே, "கம்ப்யூட்டர் வாங்க வந்தீங்களா, குறுக்கு விசாரணை பண்ண வந்தீங்களா?" என்றாள். கடைக்குள் பாட்டும் கூச்சலுமாக இருந்ததால், சரக்கு வைக்கும் அறையில் இயந்திரங்களை ஓட்டிக் காட்டச் சொன்னேன். கதவைச் சாத்தி, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு திரைகளை மாட்டி, ஸ்கேன் செய்து கொண்டுபோயிருந்த வழக்குக் கட்டு முழுவதையும் படத்திலிருந்து எழுத்துகளாகப் பிரித்தெடுக்கும் கடுமையான வேலையைக் கொடுத்துவிட்டு, அம்மாவை மனுவைப் படிக்கச் சொன்னேன். விற்பனையாளர் சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாரும் கேம் போட்டுப் பாப்பாங்க சார், நீங்கதான் மனு போட்டுப் பாக்கறீங்க" என்றார். வேகமான முதல் பெட்டி பாதி மனுவிலேயே கொசு போல் காதோரம் வந்து குடியேறியது. மிக மெல்லியதாக இருந்த இன்னொன்று ஓசையில் தேறியது, ஆனால் அதன் நினைவகம் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது, நாளைக்குப் போதாமல் போனால் கூட்டவே முடியாது. திருத்தத்துக்கு இடமில்லாத ஒப்பந்தத்தில் நான் கையெழுத்திட்டதில்லை, ஒதுக்கிவிட்டேன். கடைசியாக வந்ததற்கு விசிறியே கிடையாது. மேற்கூடு முழுக்க வரிவரியாக உலோகம், சூடு அதன் வழியாகவே இறங்கிவிடுமாம். அம்மா மனுவை முடிக்கும்வரை அந்த அறையில் அவள் குரல் மட்டுமே இருந்தது. "சூடாகும் சார், ஆனா சத்தம் போடாது" என்றார் விற்பனையாளர். "இவருக்கு அப்படியே நேரெதிர்" என்றாள் உன் அம்மா.

வாங்கிவிட்டேன். இதன் குறைகளை மறைக்கப் போவதில்லை. நீ அனுப்பியது கண்மூடித் திறப்பதற்குள் முடிக்கிற வேலைக்கு இது ஒரு தேநீர் குடிக்கும் நேரம் கேட்கிறது. எனக்கு அவசரம் இல்லை, தேநீரும் பிடிக்கும். இரண்டு திரைக்கும் இணைப்பு இருக்கிறது, நினைவகத்தைக் கழற்றிக் கூட்டலாம், அச்சுப்பொறியையும் ஸ்கேனரையும் செருகிய பிறகும் ஒரு துளை மிச்சம். திரையின் முதுகில் மாட்டிக்கொள்ளலாம் என்றார்கள், காற்றோட்டம் வேண்டுமே என்று மேசையோரத்திலேயே வைத்திருக்கிறேன். அதன் மேல் காகிதக் கட்டை வைக்கக் கூடாது என்று அம்மா எனக்கு நிரந்தரத் தடையுத்தரவு போட்டிருக்கிறாள். ஆவணங்களை நீ இணையத்தில் திறந்து கொடுத்த கணக்கில் ஏற்ற மாட்டேன். கட்சிக்காரர் என்னை நம்பிக் கொடுத்தவை அவை, நான் பார்த்திராத ஏதோ ஓர் அறையில் இருப்பதற்கில்லை. தனி வட்டு ஒன்றில் நகல் எடுத்து இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கிறேன். பேத்தி இங்கே வந்தால் அவளுடைய விளையாட்டுகள் மட்டும் இதில் ஓடாது. எனக்கு உண்மையில் வலித்த இழப்பு அது ஒன்றுதான், அவளிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று மாலை வாதக் குறிப்பு முழுவதையும் அம்மா சாதாரணக் குரலில் படித்து முடித்தாள், ஒரு சொல்லும் நழுவவில்லை. நீ எனக்காகப் பயப்படலாம், மகளுக்கு அந்த உரிமை உண்டு, அதை நான் ஒருநாளும் மறுக்கவில்லை. என்னைக் கேட்காமல் என் இடத்திலிருந்து என்னை எழுப்பிவிடும் உரிமை உனக்கு மட்டுமல்ல, நான் பெற்ற யாருக்கும் இல்லை. வருகிற வாரம் நான் தோற்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரர், சட்டத்தில் இரண்டு பக்கமும் பேச இடமிருக்கிறது. தோற்றால் அந்தச் சட்டத்தில் தோற்றதாக இருக்கட்டும். கண் தெரியாத கிழவன் கட்டை மூடிவிட்டுப் போனான் என்று தையற்காரம்மாவின் வழக்கு முடியக் கூடாது, முடிய விடவும் மாட்டேன்.

குளிர் காலத்தில் நெஞ்சுச் சளியை அலட்சியம் செய்யாதே, மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, ஒருவருக்கொருவர் துணையாக நெடுங்காலம் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனமார வாழ்த்துகிறோம். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. ஜூனியரை நீயே திரும்ப அழைத்து, அப்பாதான் வாதிடுகிறார் என்று உன் வாயால் சொல்லிவிடு. சொல்லாவிட்டாலும் நான் எழுந்து நிற்பேன். சொன்னால், அந்தப் பிள்ளை தயக்கமில்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்கும்போது கேட்கும் பக்கத்தை எடுத்துக் கொடுப்பார்.

இப்படிக்கு,
இன்னும் ஓய்வு பெறாத
உன் அப்பா