முதல் தண்ணீர் யார் திறப்பது

1998 ஒக்டோபர் 3, சனி
காலையில் தூறல். வாய்க்கால் துப்புரவு பாதிதான். தம்புள்ளையில் வாங்க: மண்ணெண்ணெய், யானை வெடி, மண்வெட்டிப் பிடி, மனைவி ரமீஸாவுக்குச் செருப்பு.

பெரும்போக விதைப்புக் கூட்டம் முடிந்தது. அடுத்த ஞாயிறு குளத்து மதகு திறப்பு. யார் திறப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. என் அண்ணன், எங்கள் நானாதானே, வழக்கம்போல! காடு வெட்டி இந்த ஊரை உண்டாக்கியவர் எங்கள் வாப்பா. அவருடைய மூத்த மகன் கை வைத்தால்தான் முதல் தண்ணீர் இறங்கணுமாம். அந்த மூத்த மகனோ மாத்தளை டவுனில் புடைவைக்கடை முதலாளி. யானைக்குக் காவல் இருப்பது நான். குளக்கட்டு உடைந்த வருடம் மண் சுமந்தது நான். வயிறு எரிகிறது.

6, செவ்வாய்
வெயில். மேல் வயலில் வரம்பு கட்டினேன். முதுகு பிடித்துக்கொண்டது. ரமீஸா எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "வருசத்துல ஒரு நாளு வந்துட்டுப் போறாரு உங்க நானா. அதுக்குமா பொறாம?"

ஆமாம், பொறாமைதான். அந்த ஒரு நாளைத்தான் நானும் கேட்கிறேன்.

வாப்பாவோடு காடு வெட்ட வந்தவரின் மகன் குணபால. என்னைவிட இளையவன். நானாவைச் சிங்களத்தில் 'லொக்கு முதலாளி', பெரிய முதலாளி என்கிறான். என்னை 'மல்லி', தம்பியாம்!

9, வெள்ளி
ஜும்ஆவில் பேச்சு: மாத்தளை ரோட்டுச் சோதனைச் சாவடியில் கெடுபிடி, வாகனங்களைத் திருப்பி அனுப்புகிறார்களாம். நானாவின் காரும் திரும்பட்டும் என்று நினைத்தேன். அதுவும் பள்ளியில் உட்கார்ந்துகொண்டு. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

11, ஞாயிறு
வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம். பாற்சோறு, துஆ. பிறகு, ஊரே பார்த்திருக்க, மதகு திருப்பும் இரும்புச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"இங்க கெடந்து பாடுபட்டவன் என் தம்பி. இனி வருசா வருசம் அவனே தொறக்கட்டும்."

திறந்தேன். வாப்பா முதலில் வெட்டிய வயலில் தண்ணீர் இறங்கியது. நிமிர்ந்து பார்த்தால் என் பக்கம் ஒருவரும் இல்லை. எல்லாரும் நானாவைச் சுற்றி. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குணபால என் தோளைத் தட்டினான். "லொக்கு முதலாளிக்கு எவ்வளவு பெரிய மனசு! இப்பிடி ஒரு நானா யாருக்குக் கெடைக்கும்?"

வீட்டில் ரமீஸாவும் அதையேதான் சொல்கிறாள்.

இனி வருடா வருடம் நான் திறப்பேன். வருடா வருடம் ஊர் அவருடைய மனசைப் பேசும்.