கொழும்பு பஸ்

லோஷினி அப்பாவுக்கு,

போன் எடுக்க உங்களுக்கு நேரமிருக்காது என்றுதான் எழுதுகிறேன். பிரதேச சபைத் தேர்தலில் நான் தோற்றுவிட்டேன்.

காலையில் தோட்டத்து வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கும் போகாமல் படுத்தே கிடந்தேன். பக்கத்து வீட்டுப் புவனா நல்லெண்ணெயோடு வந்தாள். “சபைதானடி போச்சு, தலை இருக்குல்ல? உக்காரு” என்று எண்ணெய் தேய்த்து, சுடுதண்ணீரில் குளிக்க வைத்தாள். இப்போது மறுபடி கொழுந்து பறிக்கப் போகிறேன்.

நமுனுகுலையில் மழை விடவில்லை. உங்கள் கம்பளிச் சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

கொழும்பில் வேலை செய்கிறவர்கள் ஓட்டுப் போட எப்படியும் ஊருக்கு வந்துவிடுவார்கள். புவனாவின் வீட்டுக்காரர்கூட வந்தார். அன்று ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெயிக்கவா நின்றேன்? கட்சிக்காரர்கள் கேட்டதும் சரி என்றது, எனக்கு ஓட்டுப் போடவாவது நீங்கள் வருவீர்கள் என்றுதான்.

உங்கள் வீட்டுக்காரி